பெசன்ட் நகர் மணலில் எழுதியிருப்பது



கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அலையைப் பார்க்கிறோம். தை முதல் பங்குனி வரை கொஞ்சம் மணலையும் பாருங்கள். அது பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, விடியுமுன் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பது என் வழக்கம். ஆள் நடமாட்டம் தொடங்குமுன் போனால் இரவில் நடந்ததெல்லாம் மணலில் எழுதியிருக்கும். நண்டு வளையின் வாயில் வாரிப் போட்ட ஈர மணல் இருக்கும். நாய்களின் கால்தடம் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால், டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் கடலிலிருந்து மேலேறித் திரும்பிய ஒரு தடம் இருக்கும். அதுதான் தாய் ஆமை வந்துபோன வழி.

ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது மணலின் சூடுதான். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்!

சென்னையில் ஆமைகளைத் தேடி இரவில் நடப்பது 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

ஆனால் கரையில் மட்டும் காப்பாற்றினால் போதாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தவற்றை நானும் பார்த்தேன். உடன் நடந்த நண்பர், "கடல்ல இதெல்லாம் சகஜம்தானே சார்" என்றார். இல்லை. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் வர முடியாது. தண்ணீரிலேயே வாழும் பிராணி தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் சாகிறது.

இழுவைப் படகுகள் கரையை ஒட்டி மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் வெளியேற வலையில் வழி வைக்கும் கருவியும் இருக்கிறது. அந்த வழியே மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் கவலை. டீசல் விற்கும் விலையில் அந்தக் கவலை பொய்யில்லை. அந்த நட்டத்தை ஈடுகட்ட அரசு வழி செய்யாமல், மீனவர்மேல் மட்டும் பழி போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீன் தின்கிற நமக்கும் இதில் பங்கு உண்டு.

நம்மால் ஆனதைச் சொல்கிறேன். கரையோரம் வீடு, கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் இரவு கடல் பக்கத்து விளக்கை அணையுங்கள். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நம்பி நடக்கும். விளக்கு எரிந்தால் சாலைக்கு வந்துவிடும். ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காதீர்கள், செல்ஃபி வேண்டாம். முட்டையைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பேரப்பிள்ளைகள் இருந்தால் ஒருநாள் விடியலில் அழைத்துப் போங்கள். தடத்தைக் காட்டி, எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.