மான் ஈன்ற மகளும் சூரைக் காடும்

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சிறுவாபுரி பாலசுப்பிரமணிய சுவாமி திருக்கோயில் வாசலில் நீளும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணமும் தெரிந்திருக்கும். சொந்த வீடு அமையவும் திருமணம் கைகூடவும் ஆறு செவ்வாய்க்கிழமைகள் வந்து வழிபடுவது இத்தலத்து வழக்கம். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது. லவனும் குசனும் வில்லேந்தி நின்ற இடம் என்று தலவரலாறு கூறுகிறது. மூலவரைத் தரிசித்தவர்கள் அடுத்து நாடுவது வள்ளி மணவாளப் பெருமானை. வள்ளியின் கரம் பற்றி நிற்கும் அந்த மணக்கோலத்தைக் காணக் கண்கள் போதா.

அந்த மணமகளின் பிறப்பைக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் விரித்துரைக்கிறார். சிவமுனிவரின் பார்வை பட்டுக் கருவுற்ற மான் ஒன்று, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் பெண் மகவை ஈன்றது. தன் இனத்து உருவம் இல்லாமை கண்டு அஞ்சி விலகிச் சென்றது. அம்மகவை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்த்தான். வள்ளியை மணந்த முருகப் பெருமான் எழுந்தருளிய திருத்தணிகையும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டத்தின் இரு பெரும் முருகத் தலங்களிலும் தேவியாக விளங்குபவள் ஒரு மானின் மகள். அவள் தாயின் இனம் இன்று எங்கே, எப்படி வாழ்கிறது?

சிறுவாபுரியிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலைக்குத் திரும்பி வடக்கே சென்றால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளும் இரசாயன ஆலைகளும் சரக்கு லாரிகளுமாகக் காட்சி மாறிவிடுகிறது. ஆயினும் ஆலைகளுக்கும் ஏரிகளுக்கும் இடையே காப்புக் காடுகள் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன. வானளாவிய மரங்கள் அங்கே இல்லை. முள்ளும் புதரும், இடையிடையே புல்லுமாகப் பார்ப்பதற்கு வறண்ட நிலம். இதனைக் காடு என்று சொன்னால் நகரத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆனால் இம்மாவட்டத்துத் திருத்தலங்கள் இந்நிலத்தைக் காடென்றே அறிந்திருந்தன. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் எழுந்தருளிய தலத்துக்கு வீட்சாரண்யம் என்று பெயர். பாலை மரங்களின் பெயர் தாங்கியது திருப்பாலைவனம். யானையின் காலையே கொடிகள் பிணித்ததாகச் சொல்லும் தலம் திருமுல்லைவாயில். திருவேற்காடும் திருவாலங்காடும் பெயரிலேயே காட்டைச் சுமந்து நிற்கின்றன. அந்தத் திருவாலங்காட்டில் இறைவனின் திருநடனம் கண்ட காரைக்கால் அம்மையார், மூத்த திருப்பதிகத்தில் அவ்விடத்துச் செடிகளையே பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். சூரையும் காரையும் அவற்றுள் அடங்கும். அவை புதர்க்காட்டுக்கே உரிய முட்செடிகள். அரசுக் கணக்கில் புறம்போக்கு என்றும் தரிசு என்றும் பதிவாகும் நிலத்தின் செடிகள் பதிகத்தில் இடம்பெற்றிருப்பது, எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

மான்கள் வாழ்வதற்கு உகந்ததும் இந்நிலமே. பொதுவாக மான் என்று நாம் அழைப்பவற்றுள் இரு வேறு இனங்கள் உண்டு. புள்ளிமானுக்கு உடலெங்கும் வெண்புள்ளிகள். ஆணுக்கு மட்டும் கிளைத்த கொம்புகள். அக்கொம்புகள் ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். நிழலும் நீரும் புல்லும் அடுத்தடுத்து அமைந்தால் அதற்குப் போதும். வெளிமான் என்னும் இரலை வேறு வகை. ஆணின் மேனி மேலே கருமையும் கீழே வெண்மையுமாக இருக்கும். முறுக்கிய கொம்புகள் வாழ்நாள் முழுதும் உதிர்வதில்லை. சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தில் கண்ட இரலை இதுதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முதல் அட்டவணையில் இடமளித்து உச்சப் பாதுகாப்பு வழங்கியிருக்கிறது.

இரலைக்கு அரண் அதன் கண்ணும் காலும். பகையைத் தொலைவிலேயே கண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வரை விரைந்தோடித் தப்பும். அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். சென்னைக்குள்ளேயே ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரில் அமைந்த கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் இரலையும் வாழ்கின்றன. அங்கே புல்வெளியில் மரமும் புதரும் அடரத் தொடங்கியதும் இரலைக்கு இடம் சுருங்கியது. இரலையைக் காக்கவே 1967இல் சரணாலயமான கோடியக்கரையிலும் சீமைக் கருவேல் புல்வெளிக்குள் படர்ந்து பெருந்தொல்லையாகி இருக்கிறது. வெட்டவெளி கண்ட இடமெல்லாம் மரம் நடுவது புண்ணியம் என்று எண்ணும் அன்பர்கள் இதனைச் சற்றே மனத்தில் கொள்ளலாம். புல்லாகவே இருக்க வேண்டிய நிலமும் உண்டு.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் மற்றொரு சிப்காட் வளாகமாயிற்று. ஊர் மக்கள் அதனைத் தாங்கள் பேணி வளர்த்த காடென்று சொல்லிப் பல காலம் போராடினார்கள். தொழிற்சாலையால் பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் காடு துண்டுபடும்போது மான் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குச் சாலையைக் கடந்தே போக வேண்டியிருக்கிறது. கோடையில் நீர் தேடிக் குடியிருப்புப் பக்கம் வந்தால் தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன.

தாருகாவனத்து முனிவர்கள் சினம் கொண்டு ஏவிய மானைச் சிவபெருமான் இடக்கரத்தில் ஏந்திக்கொண்டார். சந்நிதியில் நாள்தோறும் அதனைக் கண்டு தொழுகிறோம். வெளியே வந்து, பிரசாதம் உண்ட பிளாஸ்டிக் பையைப் புதரோரம் வீசினால், உணவின் மணம் நாடி வரும் மான் பையோடு விழுங்கிவிடும். சென்னையில் இறந்த மான்கள் சிலவற்றின் இரைப்பையிலிருந்து பிளாஸ்டிக் எடுக்கப்பட்டதுண்டு. பசுவைப் போலவே அசைபோடும் உயிராதலால் உள்ளே போன பை வெளியேற வழியில்லை. வழியில் மானைக் கண்டால் வாழைப்பழம் நீட்டுவதும் வேண்டாம். மனிதரிடம் அச்சம் நீங்கிய மான் நாயிடமும் வாகனத்திடமும் அகப்படும். ஊருக்குள் வந்துவிட்ட மானைக் கூட்டமாக விரட்டிப் பிடிக்க முயல்வது இன்னும் கொடிது. துரத்தப்பட்ட மான், காயமே இல்லாவிட்டாலும் அதிர்ச்சியில் உயிர்விடும். நாய்களை விலக்கி, தொலைவில் நின்று, வனத்துறைக்குத் தகவல் தருவதே முறை.

சென்னையிலிருந்து சிறுவாபுரி செல்வோர் செங்குன்றம், காரனோடை வழியாகக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்று, தச்சூர் கூட்டுச்சாலையைக் கடந்தபின் இடப்புறம் பிரியும் சாலையில் சுமார் 3 கிலோமீட்டர் செல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் மிகுதி. முதியவர்கள் வேறு நாள்களில் சென்றால் வள்ளி மணவாளரை நின்று நிதானமாகத் தரிசிக்கலாம். கைப்பிரசாதத்துக்கு ஒரு தூக்குப் பாத்திரம் கொண்டு செல்வது நலம்.