அரைக்கும் அறைக்கும் நடுவே ஒரு பிட்

கணினியின் வேகத்தைக் கூட்டுவது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்றொரு எண்ணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் உதிரிபாகம் வாங்கப் போனால் அது நன்றாகவே விளங்கும். தெர்மல் பேஸ்ட் ஒரு குழாய் கேட்டேன். "சார் வரலையா மேடம்? எதுக்குன்னு சாருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டுச் சாருக்குக் கணினியில் சீட்டு விளையாட மட்டும்தான் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. பேஸ்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மேசைக்கணினி என் தம்பி மகனுடையது. வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது என்னிடம் விட்டுப் போனான். உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-2500கே, 2011இல் சந்தைக்கு வந்த பிராசசர். கடைசியில் நிற்கும் 'கே' என்ற எழுத்துக்குப் 'பூட்டு இல்லை' என்று பொருள். (பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டில்லாத ஒன்று என் பங்குக்கு வந்தது.) தாய்ப்பலகை 100 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். பிராசசர் அதை 33ஆல் பெருக்கி 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும். வேலை கூடினால் தானாகவே 3.7 வரை ஏறும். பயாஸுக்குள் போய் அந்தப் பெருக்கெண்ணை 46 ஆக்கினால் 4.6. அவன் அப்படித்தான் வைத்திருந்தான். 1600க்கு உரிய ரேமையும் 1866க்குத் தள்ளி, 1.5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 1.65 கொடுத்திருந்தான். "அத்தை, எதையும் தொட்றாதீங்க. அது பாட்டுக்கு ஓடும்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினான்.

அது பாட்டுக்கு ஓடத்தான் செய்தது. நான் அதற்குக் கொடுத்த வேலை பழைய பெண்கள் இதழ்களின் பக்கப் படங்களை எழுத்தாக மாற்றுவது. வை.மு. கோதைநாயகி 1925இல் பொறுப்பேற்று நடத்திய ஜகன்மோகினியின் சில ஆண்டுகளை நாவல் நாவலாக, தலையங்கம் தலையங்கமாகத் தேடிப் படிக்கும்படி செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் இலவசம்தான், ஆனால் பிராசசரைக் கசக்கிப் பிழியும். ஒரு ராத்திரியில் முடிய வேண்டியது இரண்டு ராத்திரி ஆகும். எனவே வேகம் எனக்கும் வேண்டித்தான் இருந்தது. வேகமே பொல்லாதது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை.

முதலில் வெப்பம் பற்றி. சிப்பு உண்ணும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 3.3இலிருந்து 4.6க்குப் போனால் வேகத்தில் 39 விழுக்காடு லாபம். அந்த வேகத்தில் தடுமாறாமல் இருக்க 1.2 வோல்ட்டை 1.38 ஆக்கினோம் என்று வையுங்கள்: மின்செலவும் அதனால் எழும் சூடும் 80 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். விசிறி என்ன செய்தாலும் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. மார்கழியில் அறை 24 டிகிரி, சிப்பு 78 என்றால், சித்திரையில் அறை 38, சிப்பு 92. இந்தப் பிராசசரின் எல்லை 98. அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதப்பட்ட அளவுகள் சிறுமலை அடிவாரத்துச் சமவெளியின் மே மாதத்துக்குப் பொருந்தா. பங்குனி கடைசியிலேயே நீலத்திரை வந்து நின்றது.

நீலத்திரை நாகரிகமான நோய். விழுந்துவிட்டேன் என்று சொல்லி விழுகிறது. என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. ஒரு சந்தேகத்தில் அதே 200 பக்கங்களை இரண்டு முறை ஓடவிட்டு, வந்த இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டேன். ஒரே படம், ஒரே மென்பொருள், ஒரே அமைப்பு. விடையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? மூன்று இடங்களில் வேறுபட்டது. இரண்டு வெறும் குப்பை, கண்ணில் பட்டதும் தெரிந்துவிடும். மூன்றாவதில் 'அறை' என்பது 'அரை' ஆகியிருந்தது. திரை நீலமாகவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

யூனிகோட் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். தமிழ் ர-வின் எண் 0பிபி0, ற-வின் எண் 0பிபி1. கடைசி பிட் மட்டும்தான் வேறு. பூஜ்யம் ஒன்றானால் ர, ற ஆகிவிடும். ந-வும் ன-வும் அப்படியே. ம-வும் ய-வும், ல-வும் ள-வும், ழ-வும் வ-வும்கூட அப்படித்தான். நம் நெடுங்கணக்கில் ற-வும் ன-வும் கடைசியில் நிற்பவை. 1988இன் இஸ்கி வரிசையை ஒட்டி யூனிகோட் அமைந்தபோது தேவநாகரிக்கு ஏற்றபடி ர-வுக்குப் பக்கத்தில் ற-வை உட்காரவைத்துவிட்டார்கள். அதனால் ஒரு பிட் புரண்டால் மரம் மறமாகும், கலை களையாகும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துப்பிழை திருத்தி எதையும் பிடிக்காது.

சுவடி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓலையில் புள்ளி கிடையாது, ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். பாடபேதம் என்று நாங்கள் ஆய்வேடு ஆய்வேடாக எழுதுவதில் பாதி அங்கே பிறந்ததுதான். ஆனால் ஏடெழுதியவரின் கைக்கு ஒரு சாயல் உண்டு. ஓர் இடத்தில் தவறினால் அதேபோன்ற இடத்தில் மறுபடி தவறுவார், அதைக்கொண்டு அவரைப் பின்தொடரலாம். கோதைநாயகிக்கு எழுதப் பழக்கமில்லாத ஆரம்பகாலத்தில் அவர் சொல்லச்சொல்லத் தோழி பட்டம்மாள்தான் எழுதினார். பட்டம்மாளின் கையெழுத்துப் பிழைகள் கிடைத்தால் நான் கொண்டாடுவேன். சூடேறிய ரேமின் பிழைக்குக் கை இல்லை. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் இத்தகைய பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி ரேம் இருக்கிறது. வீட்டுக்கணினிக்கு அது தேவையில்லை என்று முடிவாகிவிட்டது.

ஒரு காலத்தில் கணினி நினைவகத்தையே பெண்கள் கையால் கோத்தார்கள். அப்போலோ விண்கலங்களின் வழிகாட்டிக் கணினிக்கு அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் ரேதியான் ஆலைப் பெண்கள் செம்புக்கம்பியைச் சிறு காந்த வளையங்களின் ஊடே நுழைத்தார்கள். வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அவர்களில் நெசவாலை அனுபவம் உள்ளவர்களும் இருந்தார்கள். ஒரு கம்பி இடம் மாறினால் நிலவுப் பயணத்தின் கணக்கு மாறும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்தாள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரண்டு வருடம் சைடராக இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தின் மிச்சசொச்சம் இன்னும் எங்கள் ஊர்களின் பேச்சில் இருக்கிறது. ரிங் பிரேமில் கதிர் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும். "ஸ்பீடைக் கூட்டுறது அவுங்கம்மா. கூட்டுனா நூல் கூட அறும். அறுந்ததை ஒட்ட ஓடுறது நாங்க. ரிஜிஸ்டர்ல மெஷின் நல்லா ஓடுதுன்னுதான் எழுதுவாங்க" என்றாள்.

ஓடுகிறது என்பதையும் நிலையாக இருக்கிறது என்பதையும் ஒன்றாக்கும் அந்த ரிஜிஸ்டர் எனக்குத் தெரியும். கல்லூரியையும் வீட்டையும் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்று பாராட்டுகிறவர்களின் கையில் இருப்பதும் அதுதான்.

அன்று இரவு கணினியைத் திறந்தேன். தூசியைத் தட்டி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் தடவி, ஹீட்சிங்கை மாட்டினேன். பயாஸில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஏற்றினேன். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் பிழை என்று தெரியாது. ரேம் முதலில். 1866இல், பென்டிரைவிலிருந்து ஓடும் மெம்டெஸ்ட்86 இரண்டாவது மணிநேரத்தில் சிவப்பு வரிகளைக் காட்டியது. ரேமின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோலத்தை எழுதி, திரும்பப் படித்து, சரியா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 1600இல், 1.5 வோல்ட்டில், விடியும்வரை ஒரு பிழையும் இல்லை. பிறகு பிராசசர். பகாஎண் தேடும் பிரைம்95 என்ற நிரலில் சோதனைக் கணக்குகளின் சரியான விடை முன்பே எழுதப்பட்டிருப்பதால் சிப்பு பொய் சொன்னால் உடனே பிடித்துவிடும். மதியம் மூன்று மணிக்கு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். 44இல் ஒரு கோர் இருபது நிமிடத்தில் நின்றது. இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்தால் நிற்காமல் ஓடியிருக்கும். கொடுக்கவில்லை. 42இல் ஐந்து மணிநேரம் போனது, 84 டிகிரியைத் தாண்டவில்லை.

200 பக்கங்களை மறுபடி இரண்டு முறை ஓடவிட்டேன். கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பழைய அமைப்பில் எடுத்த 1,100 பக்கங்களையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

தம்பி மகன் போனில் கேட்டான்: "4.2ஆ? ஏன் அத்தை, அது 4.6 போகுமே?"

"போகுது, கண்ணு. ஆனா தமிழ் தப்பா எழுதுது."

அவனுக்குப் புரியவில்லை. அடுத்த முறை வரும்போது அட்டவணையைக் காட்ட வேண்டும்.