ஆண்டு எழுதாத இசைத்தட்டுகள்



1988 ஆம் ஆண்டு ஹனோவர் நகரின் பழைய பொருட் சந்தைக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்கச் சென்ற நாம் இருவரும், ஒரு கிராமபோன் இசைத்தட்டுடன் இல்லம் திரும்பினோம். அதன் நடுவேயிருந்த வட்டவடிவ லேபலில், கிராமபோனின் முன்னே செவிசாய்த்து அமர்ந்திருக்கும் நாயின் படம் காணப்பட்டது. ஊரிலே சிறுவயதில் நாம் கண்டு பழகிய அதே நாய்! அந்நிய மண்ணில் அறிமுகமான முகமொன்றைக் கண்ட மகிழ்ச்சியே எம்மை அதனை வாங்கச் செய்தது. எமது சேகரிப்பு அன்று தொடங்கியது.

அத்தட்டு எந்த ஆண்டுக்குரியது? லேபலில் ஆண்டு இல்லை. அக்கால இசைத்தட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான். நாய்ப் படத்தைக் கொண்டு அது ஆங்கிலேய நிறுவனத்தின் தட்டு என்றே முதலில் எண்ணினோம். அது தவறு என்பதைப் பின்னரே கற்றோம்.

கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1851 இல் ஹனோவரில் பிறந்தவர். அவரும் சகோதரர் ஜோசப்பும் 1898 இல் அங்கே டொய்ச்ச கிராமபோன் நிறுவனத்தைத் தொடங்கினர். மிகப் பழைய தட்டுகளில் தாள் லேபல் கிடையாது. விபரங்கள் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர், இறகால் எழுதும் தேவதையின் படமுள்ள லேபல்கள் வந்தன. அதன்பின் நாய் வந்தது. 1914 இல் மூண்ட முதலாம் உலகப் போர் இந்நிறுவனத்தை அதன் ஆங்கிலேயத் தாய் நிறுவனத்திலிருந்து பிரித்தது. 1917 இல் லைப்சிக் நகர நிறுவனமொன்று அதனை வாங்கியபோது, ஜேர்மனிக்குள் நாய்ப் படத்தைப் பயன்படுத்தும் உரிமையும் அதனுடன் சென்றது. ஆங்கிலேயர் 1925 இல் இங்கே எலெக்ட்ரோலா நிறுவனத்தை அமைத்தபோதும், 1949 வரை அந்த நாயை அவர்களால் இங்கு பயன்படுத்த இயலவில்லை.

வேறு தடயங்களும் உண்டு. தட்டின் இருபுறமும் பாடல் இருந்தால், அது பெர்லினின் ஓடியன் நிறுவனம் இருபக்கத் தட்டுகளை வெளியிட்ட 1904 ஐ ஒட்டியோ அதன் பின்னரோ வந்ததாகும். இசை உரிமைக்கான அம்ரே முத்திரை ஒட்டப்பட்டிருந்தால், அவ்வமைப்புத் தோன்றிய 1909க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. மின்சார முறையில் பதிவானது என்ற குறிப்பிருந்தால், 1925க்கு முற்பட்டதன்று. லேபலின் அருகே தட்டில் பொறிக்கப்பட்ட எண், பாடல் பதிவான காலத்தை அறிய உதவும். லேபலோ தட்டு அச்சான காலத்தையே காட்டும். இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கலாம்.

எம் முதல் தட்டில் நாயும் இருந்தது. மின்சாரப் பதிவுக் குறிப்பும் இருந்தது. எனவே அதன் உறையில், "1925க்கு முன் அன்று, 1949க்குப் பின் அன்று" என்று பென்சிலால் எழுதினோம். அறிந்ததை மட்டும் எழுதுவதே நேர்மை.

இன்னுமொரு செய்தி எம்மை வியக்க வைத்தது. 1908 இல் கல்கத்தாவில் தொழிற்சாலை அமையும்வரை, ஆங்கிலேய கிராமபோன் நிறுவனம் இந்தியாவில் பதிவுசெய்த பாடல்கள் ஹனோவரிலேயே தட்டுகளாக அச்சாயின. பாடி முடித்ததும் பாடகர்கள் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது வழக்கம். மொழியறியாத தொழிலாளர்கள் லேபலை மாற்றி இட்டுவிடக் கூடாதல்லவா?

இத்தனை கவனத்தைத் தட்டுகளுக்கு அளித்த நாம், வீட்டில் அதைக் கைவிட்டோம். 1994 இல் அம்மா எம்மிடம் வந்து சேர்ந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் அழிந்து போயிற்று. அலுவலகமொன்றில் பிறந்த தேதியைக் கேட்டபோது, நீண்ட நேரம் காத்திருந்த களைப்பில், "1920 ஜனவரி 1" என்று சொல்லிவிட்டோம். 2003 இல் அவர் இறந்தார். முப்பத்தோராம் நாள் வெளியிட்ட கல்வெட்டு நூலிலும் அத்தேதியே அச்சாயிற்று.

சில மாதங்களின் பின், ஒரு தட்டின் காலத்தைக் கணித்துக் கொண்டிருந்தோம். அப்போது எம் மகள் கூறினாள்: "காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது அம்மம்மா தன் ஐயாவின் தோளில் இருந்து பார்த்தவவாம். அப்போது அவ பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லையாம்." நாம் வாயடைத்துப் போனோம். காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது 1927 நவம்பரில். 1920 இல் பிறந்திருந்தால் அம்மாவுக்கு அப்போது ஏழு வயது கடந்திருக்கும்! 1922க்கும் 1926க்கும் இடையிலேயே அவர் பிறந்திருக்க வேண்டும். அக்கதையை அவர் பலமுறை கூறினார். நாம் அதனைக் கதையாகவே கேட்டோம், சான்றாகக் கேட்கவில்லை.

கல்வெட்டு நூலின் எம் பிரதியில், அத்தேதியின் அருகே பென்சிலால் திருத்தம் எழுதி வைத்துள்ளோம். ஏனைய பிரதிகள் உறவினர் இல்லங்களில் தவறுடனேயே உள்ளன.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்களின் பின்புறத்தைப் பாருங்கள். பெயரும் ஆண்டும் இல்லையெனில், அம்மம்மா, அப்பப்பா ஆகியோரிடம் இன்றே கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்பார்களாயின், அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அறிந்ததைப் பென்சிலால் எழுதுங்கள், அறியாததை இட்டுக்கட்டாதீர்கள். தட்டுகள் காத்திருக்கும்; முதியோர் காத்திருக்கமாட்டார்கள்.