புதுப் பாட்டுக்கு ஒரு மணி நேரம்

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் குதிரமாளிகையும் நவராத்திரி மண்டபமும் இருக்கின்றன. கர்நாடக இசையில் புதிய உருப்படி ஒன்று எப்படி உருவாகிறது என்று விசாரிக்க இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியவில்லை. திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் 1829இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1846இல், 33 வயதில் மறைந்தார். அந்த 17 ஆண்டுகளில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, தஞ்சாவூரிலிருந்து வந்த மேருசாமி, தியாகராஜரின் சீடர் கன்னையா பாகவதர், பாலக்காடு பரமேசுவர பாகவதர், வயதில் ஒரு தலைமுறை மூத்தவரும் தாமே பாடல் புனைந்தவருமான இரயிம்மன் தம்பி. வடிவேலுவுக்கு 1834இல் அரசர் கொடுத்த தந்தப் பிடிலை அவருடைய தாராள மனசுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று படுகிறது. புதுப் பாட்டை வாங்கி வாசித்துப் பார்த்து, ‘இந்த இடம் இடிக்கிறது’ என்று சொல்லத் தெரிந்தவர்களை அந்த அரண்மனை சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. பாட்டு செய்தவரின் மேதைமையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். கூட உட்கார்ந்தவர்களின் நேரத்தைப் பற்றித்தான் பேசவில்லை. அந்த நேரம் இல்லாத இடத்தில் புதுப் பாட்டு நிற்காது என்பது என் வாதம்.

காரணம் கைவேலையிலேயே இருக்கிறது. நம் சுரதாளக் குறிப்பு பாட்டின் எலும்புக்கூட்டை மட்டும் காட்டும். சங்கராபரணத்திலும் ‘க’, தோடியிலும் ‘க’. சங்கராபரணத்தில் அது பெரும்பாலும் நின்று ஒலிக்கும். தோடியில் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ராகம் அறிந்தவருக்கு இது சிக்கலில்லை. எந்த இடத்தில் எவ்வளவு அசைவு என்பதைத்தான் எந்தத் தாளும் சொல்லித் தராது. அதைப் பாடிக் காட்டி, திரும்பப் பாடச் சொல்லி, இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். அடுத்தது எடுப்பு. சமத்தில் தொடங்கினால் ஒரு நடை, அரை இடம் தள்ளி எடுத்தால் வேறு நடை. அரை இடம் தள்ளியதில் சொல்லின் நெடில் குறிலாகிவிட்டதா, ஒரு சொல் நடுவே உடைந்து பொருள் மாறிவிட்டதா என்பது பாட்டு செய்தவர் காதுக்கு எளிதில் எட்டாது. மனசில் சாகித்யம் முழுசாக இருப்பதால் அவருக்கு எல்லாம் சரியாகவே கேட்கும். முதல்முறையாகப் பாடுகிறவருக்கு அங்கே நாக்கு தடுக்கும். அநுபல்லவியின் மூன்றாவது சங்கதி அடுத்த ஆவர்த்தத்துக்குள் காலை நீட்டுவதை மிருதங்கக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார். மேலை நாடுகளில் புதிய படைப்பை இசைக்குழு முழுவதும் உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதற்கென்றே அமர்வுகள் உண்டு. அங்கே எல்லாம் முழுசாக எழுதப்பட்டிருக்கும். அப்படியும் அது தேவைப்படுகிறது. பாதியை வாய்மொழிக்கு விட்டுவைத்த நமக்கு அது எவ்வளவு தேவை!

இந்த உழைப்பின் இரண்டாம் அத்தியாயமும் இதே ஊரில்தான் நடந்தது. சுவாதியின் பாடல்கள் பலவற்றுக்குச் சாகித்யம் கிடைத்தது. மெட்டு கைக்கு வந்து சேரவில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பத்துச் சேது பார்வதி பாயி அழைத்துவந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவற்றைச் சுரப்படுத்திப் பாடக்கூடிய உருப்படிகளாக்கினார்கள். 1939இல் தொடங்கிய சங்கீத அகாதெமிக்கு, இன்றைய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு, இருவரும் அடுத்தடுத்துத் தலைமை வகித்தார்கள். ‘பாவயாமி ரகுராமம்’ முதலில் முழுவதும் சாவேரி. செம்மங்குடி பல்லவியையும் அநுபல்லவியையும் சாவேரியிலேயே விட்டுவிட்டு, ஆறு காண்டங்களுக்கான ஆறு சரணங்களை நாட்டக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்வகல்யாணி, மத்யமாவதி என்று பிரித்துக் கொடுத்தார். ஆரண்ய காண்டத்துக்கு மோகனம் என்பது எல்லாருக்கும் தோன்றக்கூடிய தேர்வு அல்ல. ஒரே ராகத்தில் இருந்த பாட்டை எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் நாடு முழுவதும் கேட்ட ராகமாலிகையாக்கியது சம்பளமும் மாணவர்களும் கைவசம் இருந்த ஒரு வித்வானின் உழைப்பு.

அப்படியானால் அது யார் பாட்டு என்று கேட்பார்கள். கேட்கவும் கேட்டார்கள்: 1980களில் வீணை எஸ். பாலசந்தர் சுவாதியின் படைப்புரிமையையே கேள்விக்குள்ளாக்கிப் பெரும் சண்டை நடத்தினார். அவருடைய முடிவு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைத்தது நம் பழக்கம்தான். சாகித்யம் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது என்று ஆரம்பத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் சண்டையில் பாதி எழுந்திருக்காது. அம்புஜம் கிருஷ்ணா விஷயத்தில் அந்தக் குழப்பம் வரவில்லை. அவர் எழுதியது சாகித்யம். ராமநாதபுரம் கிருஷ்ணன், வி.வி. சடகோபன் போன்றவர்கள் மெட்டமைத்தார்கள் என்பது ஊரறிந்தது. அதனால் அவருடைய பெருமை குறைந்துவிடவுமில்லை. சகக் கலைஞர் கைவைத்தால் பாட்டின் தூய்மை கெடும் என்பவர்களுக்கு நான் சொல்வது, கைவைத்தவர் பேரை எழுதிவையுங்கள் என்பதுதான்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் கரமனையிலிருந்து வருகிறது. கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அந்தப் பகுதியில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) தமிழில் பாடினார். அவரைச் சுற்றி அரசவை வித்வான்கள் கிடையாது. சிறுவனாக இந்த ஊருக்கு வந்து இங்கே சமஸ்கிருதம் படித்த ராமையா அவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்து பாபநாசம் சிவன் ஆனார். சம்பளம் கொடுக்கும் அரண்மனை இல்லாமல் இந்தப் பாடல்கள் நிற்கவில்லையா? நின்றன. ஆனால் அவர்களுக்குப் பஜனை இருந்தது. குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதே ஆட்கள் வருஷா வருஷம் கூடிப் பாடுவார்கள். பின்னாளில் மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி விடியலில் பாபநாசம் சிவன் நடத்தியதும் அதுதான். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். பணம் ஒரு வழி மட்டுமே. கட்டாயம் வேண்டியது தவறாமல் கூடும் வேளை. நவராத்திரி மண்டபமே அதற்குச் சாட்சி. ஒன்பது மாலை, நாளுக்கு ஒரு கிருதி, முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி என்று முறை வைத்து, மிருதங்கமும் சேர்ந்துகொள்ளும் தானத்தோடு, கைதட்டல் இல்லாமல் பாடுகிறார்கள். அந்த ஒன்பதும் பாடாந்தரம் அறுபடாமல் வருவதில் நாள் குறித்து வைத்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மண்டபத்தை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண் குரலுக்கு அங்கே இடமில்லை. முத்தையா பாகவதர் தலைமை வகித்த அதே கல்லூரியில் படித்து, அங்கேயே கற்பித்தவர் அவர். யார் கூடலாம் என்பதை அரண்மனை முடிவு செய்தால், உருப்படியைத் திருத்தக்கூடிய காதுகளில் பாதி வெளியே நின்றுவிடும். அதனால் இந்த வேலைக்குச் சரியான இடம் தைக்காட்டில் இருக்கும் அந்த இசைக் கல்லூரியும் அதுபோன்ற பொது நிறுவனங்களும்தான் என்று நினைக்கிறேன்.

இன்றைக்குப் புதுப் பாட்டு செய்கிறவர் போனில் பாடிப் பதிவு செய்கிறார். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ‘நன்னாயிட்டுண்டு ஸாரே’ என்று பதில் வரும். பாராட்டு நிஜமாகவே இருக்கலாம். அதனால் ஒரு சங்கதிகூடத் திருந்தாது. பழைய பாட்டே பாடித் தீரவில்லை, புதிது எதற்கு என்பாரும் உண்டு. தியாகராஜர் பாடல்களும் ஒரு காலத்தில் புதுசுதான். சீடர்கள் உட்கார்ந்து வாங்கிக்கொண்டதால்தான் கன்னையா பாகவதர் மூலம் இந்த ஊர்வரை வந்தன. வாரம் ஒரு மணி நேரம், புது உருப்படி ஒன்று, ஒரு பாட்டு, ஒரு பிடில், ஒரு மிருதங்கம், கேட்க மாணவர்கள்: ஒரு கல்லூரிக்கு இது பெரிய செலவில்லை. பிடில்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அன்றைய ஊதியத்தைக் கச்சேரிக் கணக்கில் கொடுப்பதா, வகுப்புக் கணக்கில் கொடுப்பதா என்பதை மட்டும் நிர்வாகம் முதலில் முடிவு செய்ய வேண்டும்.