கோடித் துணி

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைக் கடப்பவர் கண்ணில் இன்று படுபவை தொழிற்சாலைகளும் சரக்கு வண்டிகளுமே. நான் சிறுவனாய்த் திரிந்த நாளில் அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. மரங்கள் முடியும் தாழ்ந்த நிலத்தில் எங்கள் தோட்டத்து மயானம் இருந்தது. அதன் ஓரத்து மேடுகள் சிலவற்றை ‘ஜப்பான்காரன் காலத்துக் குழிகள்’ என்பார்கள்.

அவற்றுள் ஒன்றில் என் தாத்தா இருக்கிறார். எது என்று ஆயாவுக்கும் தெரியாது; நட்ட குச்சி அடுத்த மழையிலேயே போய்விட்டதாம்.

போருக்கு முன் மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்தே தருவித்தது. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் அந்த வரத்துக் குலைந்தது; ரப்பரை வாங்குவாரும் இல்லை. பால் வெட்டிப் பிழைத்தவர்களுக்குக் கூலியும் போயிற்று, சோறும் போயிற்று. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. சிறு சிராய்ப்பும் புண்ணாகி எலும்புவரை அரித்தது. 1943இல் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, காலில் புண் இருந்ததால் தாத்தாவை விட்டுவிட்டார்கள். 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களைப் புதைத்த இடத்தைக் காட்டவும் ஆளில்லை. தாத்தா தப்பினார் என்றுதான் லயத்தில் எண்ணினார்கள். அந்தப் புண்ணே மறு ஆண்டு அவரைக் கொண்டுபோயிற்று.

இறந்தவருக்குக் கோடி போட ஒரு முழத் துணி இல்லை. வீட்டில் இருந்தது ஒரு சாக்கு. அதில் சுற்றித் தூக்கினார்கள். தூக்கத் தெம்புள்ள ஆண்கள் மூவரே இருந்தமையால், மயானத்துக்குப் போகாத பெண்ணாகிய ஆயாவே நான்காவது முனையைப் பிடித்தார். மண் தள்ளும் முன் பெரியவர் ஒருவர், “சாக்க எடுத்துக்க தங்கச்சி. அவருக்கு இனிமே குளிராது, பையனுக்கு வேணும்” என்றாராம். வாழையிலையால் மூடினார்கள். 1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் ஆங்கிலப் படை வந்திறங்கியபோது என் அப்பா உடுத்தியிருந்தது அந்தச் சாக்கைத்தான்.

அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகித் தொடங்கிய பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அங்கே அடிப்பலகை கீலில் திறக்கும் சவப்பெட்டி இருந்ததாம். உடல் குழியில் விழும், பெட்டி அடுத்தவருக்குத் திரும்பும். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எழுதியவருக்கு அது விந்தையாக இருந்தது. எங்கள் லயத்தில் எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

ஆயா 1981இல் இறந்தார். உறவினர் போட்ட கோடிகள் குவிந்து கிடந்தன. அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பிய பிறகு, அப்பா ஒரு புது வேட்டியை எடுத்துச் சென்று, எந்தக் குழி என்று அறியாமல், மேடுகளின் நடுவே விரித்துவிட்டு வந்தார்.

மறுநாள் பால் தெளிக்கப் போனபோது அதைக் காணவில்லை. நான் கோபத்தோடு சுற்றுமுற்றும் தேடினேன். “விடுடா, யாருக்காவது தேவைப்பட்டிருக்கும்” என்றார் அப்பா.