சருகுக்கு அடியில் சம்பளமில்லா ஆட்கள்

சிலந்திப்பேன் என்றாலே நமக்கு எரிச்சல்தான் வரும். 1998-ல் கேரளத் தென்னையில் தென்பட்ட ஈரியோபைட் சிலந்தி, மலையைத் தாண்டி நம் தோப்புகளுக்கும் வந்து குரும்பைகளைச் சொறி பிடிக்க வைத்தது. வெண்டை, கத்தரி இலைகளை வெளுக்க வைப்பதும் இந்த வகைதான். ஆனால், இதன் சொந்தக்காரர்களில் பெரும் கூட்டம் ஒன்று பயிர் பக்கமே வராமல், மண்ணுக்குள் இருந்து நமக்கு உழைக்கிறது. ‘மண்பேன்’ என்றே அதை எழுதுகிறேன்.

எனக்கு நிலம் பாபநாசத்துக்குக் கீழே, கோடைமேலழகியான் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. கார், பிசானம் இரண்டு போகமும் நெல் விளைந்த பூமி. இப்போது பாதியில் ஏத்தன் வாழை. மேற்கு வரப்பில் நின்றால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்து மரங்கள் தெரியும். அந்தக் காட்டுக்கு உரம் வைப்பவர் யாரும் இல்லை. விழுகிற சருகை மட்கவைத்து, மரத்துக்கே திருப்பிக் கொடுக்கிற வேலையில் மண்பேன்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எட்டுக் கால், கசகசாவைவிடச் சிறிய உடம்பு. காட்டு மண்ணில் அதிகம் இருப்பவை கரும்பழுப்பு ஓடு போர்த்திய, மெதுவாக நகரும் வகைகள். சருகையும் அதில் வளரும் பூஞ்சையையும் மென்று பொடியாக்கி எச்சமாகப் போடும். நுண்ணுயிர்கள் அந்தப் பொடியைச் சுலபமாக மட்கச் செய்யும். இன்னும் சில வகைகள் வேட்டைக்காரர்கள். நூற்புழுக்களைக்கூடப் பிடித்துத் தின்னும்.

விஷம் யாரை முதலில் அடிக்கும்?

இலையில் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்தி, வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஓடு போர்த்திய மண்பேன்கள் அப்படியில்லை. முட்டையும் குறைவு; பல இனங்கள் வளர்ந்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். குளிர் நாடுகளில் ஓராண்டைக்கூடத் தாண்டும். அதனால், மண்ணில் நஞ்சு சேர்ந்தால் பயிரைத் தின்பது சீக்கிரம் திரும்பி வந்துவிடும். மண்ணைக் காப்பது திரும்பி வர வெகுகாலம் பிடிக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பால்மெர்டன் என்ற ஊரில் 1898 முதல் துத்தநாகம் உருக்கும் ஆலை ஓடியது. அதன் புகை படிந்த காட்டை ஆராய்ந்து 1978-ல் எழுதினார்கள். ஆலைக்கு அருகில் மண்பேன்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. விழுந்த சருகு மட்காமல் தேங்கிக் கிடந்தது. பச்சையாக நிற்கும் காட்டுக்கே இந்தக் கதி. போர்டோ கலவை, காப்பர் ஆக்சிகுளோரைடு என்று நாம் தெளிக்கிற தாமிரமும் உலோகம்தான். மட்கிப் போகாது, மண்ணிலேயே தங்கும்.

நம் பக்கம் உருக்காலைப் புகை இல்லை. வேறு அழுக்கு இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட லட்சக்கணக்கில் சனம் காட்டுக்குள் போகிறது. சோதனைச் சாவடியில் வனத்துறையினர் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்தாலும், ஏதோ ஒரு வழியில் கொஞ்சம் உள்ளே போய்விடுகிறது. படித்துறையில் பரிகாரம் என்று விட்டுப் போகும் துணிகளை டன் கணக்கில் அள்ளுகிறார்கள். அதில் பெரும்பகுதி பாலியஸ்டர். அள்ளாமல் விட்டது வெயிலில் நைந்து துகளாகும். பிளாஸ்டிக் துகளை மண்ணில் கலந்து சீனாவில் நடத்திய கள ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. துகள் கூடக்கூட மண்பேன், எறும்பு, புழு வகைகள் குறைந்தன என்பதே அதன் முடிவு. சாமி கும்பிடுவதை யாரும் குறை சொல்லவில்லை. அய்யனார் பாலித்தீனைக் கேட்கவுமில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம்

இத்தாலிக்காரர் பெர்லீசி 1905-ல் சொன்ன முறை இது. தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல வையுங்கள். வாய்ப்பக்கம் கொசுவலைத் துண்டு. அதன்மேல் ஒரு கை ஈரச் சருகுமண். கீழே சிறு கிண்ணத்தில் கொஞ்சம் சாராய ஸ்பிரிட். மேலே 40 வாட் குண்டு பல்பை இரண்டு நாள் எரியவிட்டால், சூட்டுக்குப் பயந்து உயிர்கள் கீழே இறங்கிக் கிண்ணத்தில் விழும். உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். காப்புக்காட்டு மண்ணை எடுக்கக் கூடாது. உங்கள் பட்டா நிலத்து மரத்தடியே போதும்.

எங்கள் வரப்பு நீர்மருதடி மண்ணில் கிண்ணம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். குருணை மருந்து தொடர்ந்து போட்ட வாழை மண்ணில் விரல்விட்டு எண்ணலாம். உழவும் நிழலும்கூடக் காரணமாக இருக்கும். பழியை மருந்து மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் தம்பியிடம் பேச அது போதுமாக இருந்தது.

“பேனைப் பாத்துக்கிட்டு இருந்தா வாழை நிக்குமாண்ணே?” என்றான். நியாயமான கேள்வி. நூற்புழு விழுந்தால் வேர் கறுத்து, காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும். குத்தகைப் பணம் அவன் தலையில். போரேட் குருணைக்கு 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டிலேயே தடை. வேறு குருணைகள் கடையில் இருக்கின்றன. கடைசியில் காட்டை ஒட்டிய வரிசைகளில் மட்டும் குருணை வேண்டாம் என்று முடிவானது. கிழங்கின் தோலைச் சீவி நட்டோம். ஊடே சணப்பு விதைத்துப் பூக்கும் முன் மடக்கினோம். குழிக்கு வேப்பம்புண்ணாக்கு. வரப்புச் சருகைக் கொளுத்துவதையும் நிறுத்தியாயிற்று.

அந்த வரிசைகள் இன்னும் குலை தள்ளவில்லை. தார் எடை மற்ற வரிசைகளைவிடக் குறைந்தால், நட்டத்தில் பாதி என்னுடையது என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எடை போட்ட பிறகு இரண்டு கணக்கையும் இங்கேயே எழுதுகிறேன். சணப்பு போட்டு ஏத்தன் எடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதினால், தம்பிக்கும் அது உதவும்.