எறங்கித் தள்ளு

பட்டணத்துப் பிள்ளைகள் இப்போது தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கியர் வைத்த சைக்கிளில் குற்றாலம் வருகிறார்கள். தார்ரோடு அலுத்துவிட்டதாம். வண்டிப்பாதை, குளத்தங்கரை, ஓடைத்தடம் என்று தேடிப்பிடித்து ஓட்டுவதில்தான் சுகம் என்கிறார்கள். ஓட்டட்டும். எங்க ஆட்களுக்கும் அந்தத் தடமெல்லாம் அத்துப்படி. சுகத்துக்காகத் தெரிந்துகொண்டதில்லை. ஊர்த்தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது, எறங்கித் தள்ளணும் என்று இருந்தது. தள்ள மனசில்லாதவன் ஊரைச் சுற்றிக்கொண்டு போனான்.

ஒரு ஆனி மாதம், ஆலங்குளத்துக்குக் கிழக்கே எங்கள் காலனியிலிருந்து குற்றாலத்துக்கு ஐந்து பேர் சைக்கிளில் கிளம்பினோம். 40 கிலோமீட்டர் சொச்சம். வழியில் உள்ள காலனிகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றித் துண்டறிக்கை கொடுப்பது வேலை. அருவியில் குளிப்பது கூலி. நான், கல்லூரியில் படிக்கும் இரண்டு தம்பிமார், ஒரு தங்கச்சி, அறுபது தாண்டிய சித்தப்பா. தங்கச்சி ஓட்டியது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்.

ஆனி ஆடியில் மேற்கே பார்த்து மிதிக்கிறவனுக்குத்தான் தென்காசிக் காத்து தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காத்து புகுந்து வரும். அதை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. கம்பெனிக்காரனுக்குக் கரண்டு கொடுக்கிற காத்து எங்கள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. லாரிக்குப் பயந்து செம்மண் பாதையில் இறங்கினோம். உடைமுள் இரண்டு டியூபைப் பதம் பார்த்தது. வாய்க்கால் தண்ணியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்து, ஒட்டுப் போட்டு, மறுபடி மிதித்தோம்.

இதெல்லாம் ஒரு கஷ்டமா? அந்தப் பாதை போய் ஒரு ஊர்த்தெருவில் ஏறியது. கோயில் வளைவைப் பார்த்ததுமே சித்தப்பா எறங்கிவிட்டார்.

“எறங்கித் தள்ளுங்கல. முக்கு திரும்பினதும் ஏறிக்கிடலாம்.”

அதுவரை யாரும் மறிக்கவில்லை, முறைக்கக்கூட இல்லை. கால் தானாக எறங்கியது. தங்கச்சி எறங்கவில்லை. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார்.

“ஏ பிள்ள, எந்த ஊரு? எறங்கிப் போகத் தெரியாதோ?”

“ரோடுதான அண்ணாச்சி, போறோம்.”

நிற்காமல் சொன்னாள். நிற்காமலே போனாள். தம்பிமாரும் நானும் பின்னால் போனோம். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் சித்தப்பா நடுத்தெருவில் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நிற்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு இடது காலைப் பெடலில் வைத்து, மூணு தடவை தத்தி, வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். யாரும் கை வைக்கவில்லை. பின்னால் கேட்ட வசவு முக்கு வரைக்கும் வந்தது.

எங்கள் பையில் இருந்த துண்டறிக்கை சொன்னதும் இதைத்தான். தீண்டாமையை ஒழித்ததாகச் சொன்ன அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 26. பொது இடத்தில் ஒரு தலித் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ போடுவதைத் தடுத்தால் குற்றம். 6 மாதம் முதல் 5 வருஷம் வரை ஜெயில். இந்தச் சட்டத்தில் சைக்கிள் என்று பேர்சொல்லி எழுத 66 வருஷம் ஆகியிருக்கிறது. சரி, தடுத்தவனைச் சட்டம் பிடிக்கும். தடுக்க ஆளே இல்லாதபோதும் எறங்குகிற காலுக்கு எந்தப் பிரிவு இருக்கிறது?

தென்காசி வந்தபோது மலை முழுக்க மேகம். அந்த மலையடிவாரத்தில்தான் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரியில் அங்கே எங்கள் சனம் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்குப் போனபோது நாடே அலறியது. அரபு நாட்டுப் பணம் என்றார்கள். பணக் கணக்குப் பார்த்தவர்கள், ஒரு மனுசன் வாழ்நாளில் எத்தனை தடவை சைக்கிளை விட்டு எறங்குகிறான் என்று கணக்குப் பார்த்தார்களா?

பொழுது சாய ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தோம். குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சித்தப்பா சொன்னார்: “இத்தனை வயசுல அந்தத் தெருவுல நான் பெடல் மிதிச்சது இன்னைக்குத்தாம்ல.”

இதை வெற்றி என்று எழுதிவிட எனக்கு மனசில்லை. ஐந்து பேராகப் போனோம், ஏறினார். தனியாகப் போகிற நாளில் ஏறுவாரா? துண்டறிக்கை அச்சடிக்கிற இயக்கங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. அவர் தனியாகப் போகிற நாளில் நாம் எங்கே இருப்போம்?

மறுநாள் காத்து முதுகில். மிதிக்காமலே வண்டி ஓடியது. அந்த ஊர் நெருங்கியதும் சின்னத் தம்பி கேட்டான்: “சித்தப்பா, குளத்தங்கரை வழியாச் சுத்திப் போயிருவமா?”

“அங்கன முள்ளு கெடக்கும்ல. தெருவு வழியாவே போவோம்.”